ஹெட்செட்டோடு நின்றுவிடாதீர்கள்: டெலிபோன் வேலைக்கு வரும் மலையகத் தங்கச்சிமாருக்கு

மலையகத்துப் பெண் பிள்ளை தொலைத்தொடர்பு வேலைக்குப் போனால் முதலில் காட்டுகிற இடம் கோல் எடுக்கிற நாற்காலிதான். நான் 1985இல் சேர்ந்தபோது அந்த நாற்காலி சுவிட்ச்போர்டுக்கு முன்னால் கிடந்தது, இப்போது கோல் சென்டரில் கிடக்கிறது. "குரல் நல்லா இருக்கு, தமிழும் சிங்களமும் வருது" என்று சொல்லி உட்கார வைப்பார்கள். உட்காருங்கள். சம்பளம் வரும், வீட்டுக்கும் நிம்மதி. ஆனால் அதையே நம்பி இருக்காதீர்கள். என் வேலைக்காலத்துக்குள் கையால் இயக்கிய போர்ட் போனது, அதற்குப் பிறகு வந்த தானியங்கி எக்ஸ்சேஞ்ச் போனது, 2005 வாக்கில் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள்தோறும் வந்த கம்பியில்லாத சி.டி.எம்.ஏ. போன் ஒதுங்கியது, செம்புக் கம்பியும் ஒளி போகிற கண்ணாடி இழையான ஃபைபருக்கு இடம் விட்டுக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் மெஷினை மட்டும் தெரிந்தவர்கள் வேறு மேசை தேடினார்கள். பழுது எந்த இடத்தில் என்று சொல்லத் தெரிந்தவர்களை யாரும் அசைக்கவில்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் நான் நின்றது அந்த ஒன்றை வைத்துத்தான்.

முதலில் பேப்பர் வேலை

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் உங்கள் பெயரை ஒரே பெயராக்குங்கள். தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளிக்கூடப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று என்பது இன்றைக்கும் உண்டு. அப்பா பெயரில் ஆங்கில எழுத்து ஒன்று கூடிக் குறைந்தாலும் நேர்முகத் தேர்வில் கோப்பை மூடி வைத்துவிடுவார்கள். பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவுக்குப் போய் ஓ.எல். முடிந்த கையோடு திருத்திக்கொள்ளுங்கள். வேலைக்கு அழைப்பு வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

எங்கள் காலத்தில் கேட்ட பேப்பர் வேறு. 1948 சட்டத்தோடு மலையக மக்களிடமிருந்து பறிபோன பிரஜாவுரிமை, இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகும் பலருக்கு முடிவாகாமல் கிடந்தது. அப்பா இலங்கைப் பிரஜையாகப் பதிவு பெற்றிருந்தார், அதனால் நான் விண்ணப்பம் போட்டேன். என் வகுப்பில் என்னைவிடக் கெட்டிக்காரி ஒருத்தி இருந்தாள். அவள் குடும்பம் இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதியிருந்தது. அவளால் படிவத்தைக்கூட நிரப்ப முடியவில்லை. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களுக்குப் பிறகு உங்களுக்கு அந்தத் தடை இல்லை. பெயர் திருத்துகிற அலைச்சலைப் பெரிதாக நினைக்காதீர்கள்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை உங்கள் ஆசிரியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ஓ.எல்.லில் கணிதம் கட்டாயம். ஏ.எல்.லில் 2013 முதல் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது, அதில் பொறியியல் தொழில்நுட்பம் எடுக்கலாம். கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு என்றால் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே மின்னணு, தொலைத்தொடர்புப் பொறியியல் துறை இருக்கிறது. ஏ.எல். சரிவரவில்லையா, என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமை வழியில் வாருங்கள். 3, 4 என்பது சான்றிதழ் மட்டம், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். காசு கட்டும் முன்னால் அந்த நிலையம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஹட்டன் கடைத்தெருவில் பளபளவென்று பெயர்ப் பலகை போட்டதெல்லாம் பதிவு பெற்றது என்று அர்த்தமில்லை.

சிங்களம் பேசப் பழகுங்கள். பேச்சுச் சிங்களம் போதும், இலக்கியம் வேண்டாம். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கிறவரும் டெலிபோன் கம்பி போஸ்டில் ஏறியவரும் ஒரே மொழியில் கத்தினால்தான் யாரும் விழாமல் இருப்பார்கள்.

முறைப்பாடு எடுப்பது எப்படி

பழைய போர்டில், தோட்டத்து மேனேஜரான துரையின் வங்களாவிலோ தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரிலோ போனின் கைப்பிடியைச் சுற்றினால் எங்கள் பக்கம் அந்த நம்பருக்கு நேரே சின்ன மூடி ஒன்று விழும். கோர்டைச் சொருகி "நம்பர்?" என்று கேட்போம். வெளியூருக்கான ட்ரங்க் கோல் என்றால் டிக்கட் எழுதி, மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை நேரம் பார்க்க வேண்டும். அந்த போர்ட் எனக்குக் கொடுத்த பெரிய உதவி காதுதான். இணைத்த உடனேயே இது நனைந்த லைன், இது தளர்ந்த முடிச்சு என்று சத்தத்திலேயே தெரிய ஆரம்பித்தது. உங்களுக்கு அந்தச் சத்தம் கேட்காது. ஆனால் அதை வாடிக்கையாளர் வாயிலிருந்து எடுக்கலாம்.

தோட்டத்து ஆட்கள் பழுதைச் சொல்கிற விதத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு பேச்சுக்கும் கம்பியில் ஒரு காரணம் இருக்கிறது. "போன் செத்துப்போச்சு" என்றால் கம்பி அறுந்திருக்கும் அல்லது இரண்டும் ஒட்டியிருக்கும். "கரகரன்னு இரையுது" என்றால் முடிச்சு தளர்ந்திருக்கிறது, ஈரம் இறங்கியிருக்கிறது. "ஒரு மணி அடிச்சி நின்னுருது" என்று யாராவது சொன்னால் அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கம்பியில் கசிவு இருக்கும்போது, யாரோ ரிசீவரைத் தூக்கிவிட்டார்கள் என்று எக்ஸ்சேஞ்ச் நினைத்து மணியை நிறுத்திவிடும். அதை "ரிங் ஆகவில்லை" என்று சுருக்கி எழுதினால் லைன்மேன் போன் பெட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டு வருவார், மறுநாள் அதே ஆள் திரும்பக் கூப்பிடுவார். "வேற ஆள் பேசுறது கேக்குது" என்றால் இரண்டு லைன்களின் கம்பி ஜோடிகள் எங்கேயோ கலந்திருக்கின்றன. "நான் பேசுறது அவுகளுக்குக் கேக்குது, எனக்குத்தான் கேக்கல" என்றால் முதலில் ரிசீவரையும் அதன் சுருள் வயரையும் பாருங்கள், போஸ்டில் ஏற வேண்டியதில்லை.

பிறகு மூன்று கேள்வி. மழைக்கு முன்னாலேயே இருந்ததா, மழையோடு வந்ததா? பக்கத்து வீட்டிலும் இதே கதையா? நேற்று, முந்தாநாள் அந்தப் பக்கம் மரம் வெட்டினார்களா, தண்ணீர்க் குழாய்க்குக் கான் தோண்டினார்களா? பக்கத்து வீட்டிலும் லைன் இல்லையென்றால் பழுது வீட்டு வயரில் இல்லை, அதற்கு மேலே. இந்த ஒரு பதில் லைன்மேனுக்கு அரை நாளை மிச்சப்படுத்தும்.

முகவரி கேட்கிறபோதுதான் கொழும்பிலிருந்து வந்த படிவம் உதவாமல் போகும். அதில் வீட்டு இலக்கமும் வீதியும் இருக்கும். லயத்து ஆட்களில் நிறையப் பேருக்கு இரண்டும் கிடையாது, கடிதமே தோட்டத்து ஒபிஸுக்குத்தான் வரும். "அட்ரஸ் சொல்லுங்க" என்றால் அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிடும். இப்படிக் கேளுங்கள்: "எந்தத் தோட்டம்மா, எந்த டிவிஷன்? மேல் டிவிஷனா, கீழ் டிவிஷனா? ஸ்டோருக்கு மேல போற ரோட்டா? எத்தனையாவது லயம்? பக்கத்துல கோயில் இருக்கா, புள்ளக் காம்பிரா இருக்கா?" பதில் கடகடவென்று வரும். அதை அதே வரிசையில் எழுதி வையுங்கள். புயல் மழை நாட்களில் வீடு சரிந்து கூப்பிடுகிறவருக்கும் இதே கேள்விகள்தான், ஆனால் அவருக்கு முதல் வார்த்தையாக 117ஐச் சொல்லுங்கள். அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம். அம்புலன்ஸ் என்றால் 1990.

வயசானவர்களை "ஐயா", "அம்மா" என்று கூப்பிடுங்கள். துரையோடும் அவர் வீட்டு வாட்ச்மேனோடும் ஒரே குரலில் பேசுங்கள். இதை நான் பணிவுக்காகச் சொல்லவில்லை. மேல் டிவிஷன் ரோடு உடைந்திருக்கிறதா, வேன் போகுமா என்பதெல்லாம் வாட்ச்மேனுக்குத்தான் தெரியும்.

நாற்காலியை விட்டு எழும்ப: ஓம் கணக்கு

ஓம் என்பது மின்சாரத்துக்குக் கம்பி காட்டுகிற தடையின் அளவு. அந்தக் கணக்குதான் எனக்கு நேர்முகத் தேர்வுகளிலும் பதவி உயர்விலும் கைகொடுத்தது. லைன்களைச் சோதிக்கிற டெஸ்ட் மேசைக்குப் பக்கத்தில் நிற்கச் சந்தர்ப்பம் கிடைத்தால் விடாதீர்கள். சொந்தக் காசில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்குங்கள்.

ரிசீவரைக் கீழே வைத்திருக்கும்போது நல்ல செம்பு லைனில் சுமார் 48 வோல்ட் இருக்கும். தூக்கினால் பத்து வோல்ட் அளவுக்கு இறங்கும். வைத்தபடியே இருபது, முப்பது என்று காட்டினால் கசிவு. ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்ததா, ஒட்டியதா என்று பார்க்க வேண்டும். மணி அடிக்கும்போது அதே கம்பியில் 75 முதல் 90 வோல்ட் வரை மாற்று மின்னோட்டம் ஓடும். ஈரக் கையோடு பிடித்தவர்களுக்கு அது தெரியும்.

இரண்டு கம்பியும் ஒட்டியிருந்தால், அந்த ஜோடியை எக்ஸ்சேஞ்சிலிருந்து கழற்றிவிட்டு ஓம் அளவு எடுங்கள். 0.5 மில்லிமீட்டர் செம்பு ஜோடியில் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி சேர்த்து கிலோமீட்டருக்குச் சுமார் 170 ஓம். மீட்டர் 255 காட்டினால் பழுது ஒன்றரைக் கிலோமீட்டரில். 0.4 கம்பி என்றால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 270 ஓம், அதனால் எந்த இடத்தில் எந்தக் கேபிள் போட்டிருக்கிறது என்ற வரைபடம் கையில் இருக்க வேண்டும். கம்பி அறுந்திருந்தால் ஓம் உதவாது, மின் கொள்ளளவை (கெப்பாசிட்டன்ஸ்) அளந்து பாருங்கள். டெலிபோன் கேபிளில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 50 நானோஃபரட் வரும். பாதி ஈரம், பாதி ஒட்டல் என்றால் இந்தக் கணக்கு பொய் சொல்லும். முதலில் ஈரத்தைத் தீர்க்க வேண்டும்.

ரோட்டுத் தூரத்தைக் கம்பித் தூரமென்று நினைக்காதீர்கள். நம் ரோடு மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும், கம்பி தேயிலைக்குள் குறுக்கே இறங்கும். எங்கள் பழைய லைன்மேன் கடுகண்ணாவைக்காரர். எந்த போஸ்டிலிருந்து எந்த போஸ்ட்டுக்கு எத்தனை அடி என்று மனப்பாடமாகச் சொல்வார். நான் ஓமைச் சொல்வேன், அவர் கண்ணை மூடி விரல் விட்டுவிட்டு "அந்தப் பாலத்துக்குப் பக்கத்து முடிச்சு, நங்கி" (சிங்களத்தில் தங்கச்சி) என்பார். அவர் ஓய்வு பெறும் முன்னால் அவர் சொன்னதையெல்லாம் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வாங்கிக்கொண்டேன். உங்கள் நிலையத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். அவரிடம் கேளுங்கள், அவர் சொல்வதை எழுதுங்கள்.

மலையில் இறங்கி வேலை பார்க்க

புடைவையோடு ஏணியில் ஏற முடியாது. காற்சட்டை, காலுறை, கணுக்காலை மூடிய சப்பாத்து வேண்டுமென்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் சிரிப்பார்கள், கடிதத்துக்குப் பதில் எழுதித்தான் ஆக வேண்டும். எல்லாக் கடிதத்துக்கும் ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும்.

ஏணி சாய்ப்பதற்கு முன்னால் மேலே பாருங்கள். போஸ்ட்டுத் தலையிலும் பக்கத்துச் சவுக்கு மரத்திலும் குளவிக் கூடு இருக்கிறதா? கொழுந்தெடுக்கிற அம்மாமாரைக் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் போட்ட செய்தி வராத மாதம் உண்டா? கூடு இருந்தால் புகை போடுகிறேன், கல் எறிகிறேன் என்று யாரும் வீரம் காட்ட வேண்டாம், தோட்டத்துக்கு அறிவித்துவிட்டுத் திரும்புங்கள். அட்டைக் கடிக்குக் காலுறையின் வெளியே சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டால் போதும்.

மழைக் கணக்கைத் தெரிந்து வைத்திருங்கள். மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன், நோர்வுட், மஸ்கெலியா பக்கம் நனையும். பதுளை, பண்டாரவளை, வெலிமடைக்கு நவம்பரிலிருந்து ஜனவரி வரை. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரமானால் இடி. கேபிள் முடிச்சுகளைத் திறந்து காய வைத்து மூடுகிற வேலை அந்தந்தப் பக்கத்து மழைக்கு முன்னால் முடிய வேண்டும். இடி காலத்தில் மிக முக்கியம் எர்த். நம் மண்ணுக்குக் கீழே சீக்கிரம் பாறை தட்டும், கம்பி ஆழமாக இறங்காது, மின்னல் போக வழியிருக்காது. கரியும் உப்பும் போட்டு ஈரம் பிடிக்கிற குழியில் எர்த் இறக்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளரிடம், இடி நெருங்கும் முன்னாலேயே ரௌட்டரின் கரண்ட் பிளக்கையும் டெலிபோன் வயரையும் கழற்றிவிடச் சொல்லுங்கள். கரண்டை மட்டும் கழற்றிவிட்டு, மின்னல் டெலிபோன் வயரில் வந்து ரௌட்டரைச் சுட்டுப்போன வீடுகள் ஏராளம்.

சரிவுப் பக்கம் மண் ஓடியிருந்தால், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்துச் சொல்லும்வரை யார் அதட்டினாலும் போகாதீர்கள். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மலை லயத்தின் மேல் இறங்கியதை நம் ஊரில் யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. அறுந்த கம்பி காத்திருக்கும்.

மெஷின் மாறும்போது

எங்கள் தொலைத்தொடர்பு நிறுவனம் 1980இல் தபாலிலிருந்து பிரிந்து தனித் திணைக்களமானது, 1991இல் கூட்டுத்தாபனம், 1996இல் கம்பனி, 1997இல் ஜப்பானின் என்.டி.டி. 35 வீதப் பங்கு வாங்கியது. இதற்கிடையே 1989இல் கையடக்கத் தொலைபேசி வந்துவிட்டது. பெயர்ப் பலகை மாறும்போதெல்லாம் பயிற்சிக்கு ஆள் கேட்பார்கள். வெலிசறைப் பயிற்சி நிலையத்தில் தங்கிப் படிக்க வேண்டும், பிள்ளை சின்னது, மாமியார் முகத்தைத் தூக்குவார். போங்கள். புது மெஷினை முதல் தொகுதியில் படித்தவர்தான் அடுத்த தொகுதிக்கு ஆசிரியர். வீட்டில் யார் பிள்ளையைப் பார்ப்பது என்பதைப் பயிற்சி அறிவித்தல் வருவதற்கு முன்னாலேயே பேசி வைத்திருங்கள், வந்த பிறகு பேசினால் சண்டைதான் வரும்.

ஃபைபர் வந்தபோது பழைய ஆட்கள் பலர் பயந்தார்கள். எனக்கு அது ஓம் கணக்கின் தங்கச்சி மாதிரிதான் தெரிந்தது. ஒளி கண்ணாடிக்குள் வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. ஓ.டி.டி.ஆர். மெஷின் ஒரு துளி ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்புகிற நேரத்தை வைத்து, முறிவு எத்தனையாவது மீட்டரில் என்று காட்டும். இங்கேயும் அதே எச்சரிக்கை: போஸ்ட்களில் வளையமாகச் சுற்றி வைத்திருக்கும் உபரிக் கேபிளையும் மெஷின் தூரமாக எண்ணும். எந்த போஸ்டில் எவ்வளவு சுற்றியிருக்கிறது என்று கொப்பியில் இல்லாவிட்டால் ஆட்களைத் தவறான மரத்தடிக்கு அனுப்பிவிடுவீர்கள்.

வீட்டில் ரௌட்டரில் "லாஸ்" விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் ஒளி வரவில்லை. ஒளியின் பலத்தை டி.பி.எம். கணக்கில் அளக்கிற மீட்டரில் மைனஸ் 8க்கும் மைனஸ் 27க்கும் இடையே இருந்தால் வேலை செய்யும். மைனஸ் 26 என்பதைப் பார்த்து "ஓகே" போட்டுவிட்டு வராதீர்கள், அடுத்த மழைக்கு அது விழும். முதலில் பச்சைக் கனெக்டரைத் துடைத்துப் பாருங்கள், பிறகு அலுமாரிக்குப் பின்னால் வயர் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பழுது அங்கேயே தீரும். நுனிக்குள் கண்ணை வைத்துப் பார்க்கக் கூடாது, அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சுடும். வெட்டிய கண்ணாடித் துண்டுகளை டேப்பில் ஒட்டிப் போத்தலில் போடுங்கள். அந்த இடத்தில் ரொட்டி சாப்பிட உட்காராதீர்கள்.

மொபைல் சிக்னல் முறைப்பாடு வேறு கதை. 2020, 2021இல் பிள்ளைகள் ஒன்லைன் வகுப்புக்குப் பாறை உச்சிக்கு ஏறினார்கள், அவர்களின் அப்பாமார் எங்களைத் திட்டினார்கள், திட்டியது நியாயம். பள்ளத்தாக்கில் இருக்கிற லயத்துக்கும் டவருக்கும் நடுவில் மலை நின்றால் எந்த ரீலோடும் உதவாது. முறைப்பாட்டில் "சிக்னல் இல்லை" என்று மட்டும் எழுதாமல், போனின் செட்டிங்ஸில் சிம் நிலை என்ற இடத்தில் தெரியும் எண்ணைக் கேட்டு எழுதுங்கள். 4ஜி.யில் மைனஸ் 85 நல்லது, மைனஸ் 115ஐத் தாண்டினால் வீடியோ ஓடாது. வீட்டுக்குள் ஒன்று, வாசலில் ஒன்று, கோயிலடியில் ஒன்று என்று மூன்று எண் இருந்தால் டவர்க்காரர்கள் அந்த முறைப்பாட்டைத் தள்ளிவைக்க மாட்டார்கள்.

சம்பளச் சீட்டு

இப்போது பல பிள்ளைகள் பெரிய கம்பனியின் சட்டையைப் போட்டுக்கொண்டு, சின்ன ஒப்பந்தக்காரரின் சம்பளத்தில் வேலை செய்கிறார்கள். நியமனக் கடிதத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். ஈ.பி.எஃப்.புக்கு (ஊழியர் சேமலாப நிதி) உங்களிடம் 8 வீதம் வெட்ட வேண்டும், முதலாளி 12 வீதம் போட வேண்டும், ஈ.டி.எஃப்.புக்கு (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) முதலாளி மட்டும் 3 வீதம். சீட்டில் வெட்டியிருப்பதும் கணக்கில் விழுந்திருப்பதும் ஒன்றல்ல. என்னிடம் பயிற்சிக்கு வந்த சில பிள்ளைகளுக்கு ஓர் ஒப்பந்தக்காரர் 8 வீதத்தை மாதா மாதம் வெட்டினார், எங்கேயும் கட்டவில்லை. கலியாணத்துக்கு விலகியபோதுதான் தெரிந்தது. பிரசவ விடுமுறை 84 நாட்கள், எத்தனையாவது பிள்ளை என்றாலும் அதே 84. அதைக் கொடுத்தது தயவு மாதிரி யாராவது பேசினால் சட்டத்தைக் காட்டுங்கள்.

ஈ.பி.எஃப். கணக்கு மத்திய வங்கியில் இருக்கிறது, உறுப்பினர் இலக்கம் இருந்தால் மீதியைப் பார்க்கலாம். சேர்ந்து ஆறு மாதத்துக்குள் ஒரு தடவை, பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை பாருங்கள். விழவில்லையென்றால் அடையாள அட்டை, நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகளின் பிரதிகளோடு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். தனியாகப் போகாமல், அதே ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிற மற்றப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் போங்கள்.